பெட்டிப் பாம்பு

அடங்கிப் போனவனைப் பெட்டிப் பாம்பு என்று சொல்வது தமிழர் வழக்கு. பாம்பாட்டியின் கூடைக்குள் சுருண்டு கிடக்கும் நாகத்தைக் கண்டு பிறந்த சொல் அது. ஆயினும் அது பகலிலே கூடையைப் பார்த்தவர் சொல்லேயன்றி, இரவிலே பார்த்தவர் சொல் அன்று. விளக்கணைந்த பின்னர் பெட்டிக்குள் இருக்கும் பாம்பு தன் மூக்கினால் மூடியின் விளிம்பை ஒரு சுற்று முழுவதும் தடவிப் பார்க்கும். எங்கே சிறிது இளகுகிறதோ அங்கே மறுபடியும் வந்து முட்டும். பாம்புக்குக் கை இல்லை என்பது உண்மை, பொறுமை உண்டு.

கொழும்பின் தென்கிழக்கே உள்ள கிருலப்பனையில் வாழ்வோர்க்குப் பாம்பு புதிதன்று. பெருமழை பெய்து கால்வாய் நீர் கரை தட்டும் நாட்களில் சாரையும் தண்ணீர்ப் பாம்பும் வளவுகளுக்குள் ஏறி வருவதுண்டு. அங்கிருந்து நெடுந்தூரம் போகாமலே தெகிவளை மிருகக்காட்சிசாலையை அடையலாம். யேர்மானியரான ஜோன் ஹாகன்பெக் என்பாரின் விலங்குச் சேகரிப்பிலிருந்து தோன்றி, 1936ஆம் ஆண்டில் அரசின் கைக்கு வந்த இடம் அது. அங்கே கண்ணாடிக்கு அப்பால் அசையாது கிடக்கும் பாம்பைக் கண்டு திரும்பும் சிறுவன், அடுத்த மழையில் வளவுக்குள் வந்த பாம்புக் குட்டியை வெறும் போத்தலில் இட்டு, மூடியில் இரண்டு துளை போட்டு, கட்டிலின் கீழே ஒளித்து வைப்பதில் வியப்பில்லை. வெங்கணாந்தி எனப்படும் மலைப்பாம்பு முதலிய காட்டுயிர்களை உத்தரவின்றி வீட்டில் வைத்திருப்பது, 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றமாகும் என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். உத்தரவு பெற்று வளர்ப்போர்க்கும், காட்சிசாலைகளில் பணிபுரிவோர்க்கும், காயமுற்ற பாம்பை ஓரிரவு காக்க நேர்ந்தோர்க்கும் எழும் கேள்வி ஒன்றே: பாம்பை அடைக்கும் இடம் எப்படி இருக்கவேண்டும்?

2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கனடா நாட்டின் நியூ பிரன்சுவிக் மாகாணத்திலுள்ள காம்பெல்ற்றன் என்னும் சிற்றூரில் நிகழ்ந்ததை நினைத்துப் பார்ப்பது தகும். வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடையொன்றின் மேல்மாடியில், நண்பர் வீட்டில், நான்கும் ஆறும் வயதான உடன்பிறந்த சிறுவர் இருவர் உறங்கிக்கொண்டிருந்தனர். அதே வீட்டில், கண்ணாடி அடைப்பு ஒன்றில், ஆபிரிக்க மலைப்பாம்பு ஒன்று இருந்தது. அடைப்பின் மேற்புறத்தில் காற்றோட்டக் குழாயின் வாய் இருந்தது. பாம்பு அதனுள் நுழைந்து, முகட்டின் வழியே நகர்ந்து, சிறுவர் கிடந்த அறைக்குள் வீழ்ந்தது. விடிந்தபோது இருவரும் உயிருடன் இல்லை. கண்ணாடி தடித்ததாகவே இருந்திருக்கலாம். அதனால் என்ன பயன்? அடைப்பின் வலிமை அதன் சுவரில் இல்லை. அதன் மிகச் சிறிய துவாரத்தில் இருக்கிறது. தலை நுழையும் இடத்தில் பாம்பின் உடலும் பெரும்பாலும் நுழைந்துவிடும். ஆகவே மூடியின் மேல் கல்லோ புத்தகக் கட்டோ ஏற்றி வைப்பது போதாது. கொண்டியும் பூட்டும் வேண்டும். காற்று வரும் வாயில் நுண்ணிய கம்பிவலையை ஆணியடித்துப் பொருத்தவேண்டும்.

எனினும் பூட்டைப் பற்றி மட்டும் பேசுவது பாதி விடயத்தையே பேசுவதாகும். பாம்பு ஏன் வெளியேற முயல்கிறது என்பது மற்றப் பாதி. மறைந்திருக்க இடமில்லாத பாம்பு அமைதி கொள்வதில்லை. இரவு முழுதும் வலையில் முட்டி முட்டி, மூக்குத் தேய்ந்து புண்ணாகி, புண் அழுகி மாள்வதும் உண்டு. தன் உடல் முழுதும் ஒட்டிச் சுருளுமளவு சிறிய இருட்டறை ஒன்றும், கவிழாத நீர்ப் பாத்திரம் ஒன்றும் கொடுத்துவிட்டால் அதே பாம்பு பெரும்பொழுதும் அசையாது கிடக்கும்.

இவ்வுண்மையைச் செவ்வனே அறிந்தவர் தமிழ்நாட்டின் இருளர். மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில், 1978ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், நாகமும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் சுருட்டையும் வைக்கப்படுவது கண்ணாடிப் பேழையில் அன்று, மண்பானையில். பானையின் அடியில் சிறிது மணல், வாயில் இறுகக் கட்டிய பருத்தித் துணி, அவ்வளவே. பானைக்குள் இருள் உண்டு. மண் குளிர்ச்சியைத் தரும். துணி காற்றை விடும், பாம்பை விடாது. வழவழத்த உட்புறத்தில் பற்றி ஏறப் பிடியில்லை. சில கிழமைகள் அங்கே வைத்து, சில முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, மீண்டும் வெளியிலே விட்டுவிடுவர். அந்த நஞ்சிலிருந்தே நஞ்சு முறிமருந்து ஆக்கப்படுகிறது. இலங்கை வைத்தியசாலைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருவதும் இந்தியாவிலிருந்து வரும் முறிமருந்தையே.

ஐரோப்பிய நூல்களைப் படித்துப் பாம்பு வளர்ப்போர் கொழும்பில் ஒரு தவறு செய்வதுண்டு. குளிர்நாட்டிலே பாம்பு விறைத்துப் போகாதபடி மின்விளக்கால் சூடேற்ற வேண்டும். சராசரி வெப்பம் ஏறக்குறைய 27 பாகை செல்சியசாக இருக்கும் கொழும்பில் ஆபத்து மறுபுறத்தில் இருக்கிறது. தகரக் கூரையின் கீழோ, வெயில் விழும் சன்னலோரத்திலோ வைத்த கண்ணாடிப் பெட்டி சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும். பாம்புக்கு வியர்வை இல்லை, ஓட வழியும் இல்லை. நூலாசிரியர் அறியாத மற்றொரு பகை எறும்பு. தோலுரிக்கும் பருவத்திலோ நோயுற்றோ கிடக்கும் பாம்பை எறும்புக் கூட்டம் உயிரோடு மொய்க்கும். சாப்பாட்டு அலுமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தும் நம் வீட்டு முறை பாம்புப் பெட்டிக்கும் பொருந்தும். இரைக்காக உயிருள்ள எலியை விட்டுப் போவதும் நன்றன்று. பசியில்லாத பாம்பின் முதுகை எலி கடித்துக் குதறிவிடும்.

நச்சுப் பாம்பைப் பல் பிடுங்கி வைத்தால் அச்சமில்லை என்பாருமுளர். இது பாம்புக்குக் கொடுமை, மனிதர்க்கு ஏமாற்றம். பிடுங்கிய வாய் புண்ணாகும். புண் ஆறினால் பின்னே காத்திருக்கும் நச்சுப்பல் முன்னே வந்து நிற்கும். இலங்கையில் பயன்படும் முறிமருந்து நான்கு வகைப் பாம்புகளின் நஞ்சைக் கருதி ஆக்கப்பட்டது. பிறநாட்டு நச்சுப் பாம்பொன்று கடித்தால் அதற்கு இங்கே மருந்து தேடுவது எங்ஙனம்? பிழை நேர்ந்தால் திருத்த முடியாத இடம் அது. 1939ஆம் ஆண்டு செப்டெம்பரில் போர் மூண்டபோது, குண்டு விழுந்து கண்ணாடி உடையுமோ என அஞ்சி, இலண்டன் காட்சிசாலையார் தம் நச்சுப் பாம்புகளைத் தாமே கொன்றுவிட்டனர். கொன்றோர் அவற்றைப் பேணி வளர்த்தோரே.

இத்தனை காவலையும் மீறிப் பாம்பு காணாமற் போனால் வெளியே ஓடித் தேடுவது வீண். 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் காட்சிசாலையில் இளம் எகிப்திய நாகம் ஒன்று தன் அடைப்பிலிருந்து மறைந்தது. நகரமெங்கும் அச்சமும் நகைச்சுவையும் பரவின. ஒரு கிழமை கழியுமுன் அது அதே கட்டடத்தின் இருண்ட மூலை ஒன்றில் அகப்பட்டது. தப்பிய பாம்பு பயணம் போவதில்லை. அருகிலுள்ள இருட்டைத் தேடுகிறது. ஆகவே குழந்தைகளை முதலில் அப்புறப்படுத்தி, அறைக் கதவை அடைத்து, கீழிடுக்கில் ஈரத்துணியைத் திணிக்க வேண்டும். பின்பு அலுமாரியின் பின்புறத்தையும் சாக்கின் மடிப்பையும் விளக்கொளியில் நோக்க வேண்டும். வெறுங்கை எங்கும் நுழையலாகாது. நச்சுப் பாம்பெனில் தேடுதலைப் பழகியவரிடம் விட்டு, வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கு அறிவிக்க வேண்டும். நச்சற்ற பாம்பு முதல் இரவில் அகப்படாவிடில், கதவோரத்திலும் சுவரோரத்திலும் அரிசிமாவை மெல்லியதாகத் தூவி வைப்பர் அனுபவமுள்ளோர். விடியலில் மாவின் மேல் ஒரு வளைகோடு கிடக்கும். அது எந்தப் பெட்டியின் பின்னே சென்று முடிகிறதோ, அங்கே தேடவேண்டும்.