லினக்ஸ் தேர்வுக்கு எவ்வழங்கல் நன்று?

(திண்டிவனம் கிளைக் கூட்டத்தில் விழுப்புரம் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிப்போன் கணிப்பொறியைப் பற்றிப் பேசவந்தது ஏன் என்று சிலர் ஐயுறலாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பட்டம் பெற்று வேலை தேடும் நம் பிள்ளைகள் பலர், லினக்ஸ் சான்றிதழ்த் தேர்வுகளுக்குப் படிக்க முற்பட்டிருக்கின்றனர். தேர்வுக் கட்டணமோ பல்லாயிரம் ரூபாய். நெல்லும் கரும்பும் மணிலாவும் விற்ற காசிலிருந்து தந்தையர் அதனைக் கட்டுகின்றனர். பிள்ளைகளோ, எந்த வழங்கலிற் பழகுவது என்று துணியாமல், மாதத்திற்கொன்றை நிறுவுவதும் நீக்குவதுமாய்க் காலம் போக்குவாராயின், அப்பொருள் பாழாகும். ஆதலின் இஃது இளைஞர்க்கு மட்டுமன்றிக் குடும்பத்தார் அனைவர்க்கும் உரிய செய்தியே.

முதற்கண் வழங்கல் என்பது யாதெனக் காண்போம். 1991ஆம் ஆண்டிற் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் வெளியிட்டது லினக்ஸ் என்னும் கரு. கரு மட்டும் தனித்து நின்று பயன்படாது. குனு முதலிய திட்டத்தாரின் கருவிகளையும், மென்பொருட் பொதிகளை நிறுவும் முறையையும் அதனோடு கூட்டித் தருவதே வழங்கல் எனப்படும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஒன்றே. அதற்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் முதலியோர் கண்ட உரைகள் பல. தேர்வெழுதப் புகும் மாணாக்கன், எவ்வுரை பாடமாக வைக்கப்பட்டுள்ளது என்று முதலிற் பார்ப்பானேயன்றி, எவ்வுரை உயர்ந்தது என்று வாதிட்டுக்கொண்டிரான். லினக்ஸ் கற்பானும் அங்ஙனமே செய்தல் வேண்டும். "எவ்வழங்கல்?" என்னும் வினாவுக்கு முன்னே "எத்தேர்வு?" என்னும் வினா நிற்கின்றது. முன்னதற்கு விடை பின்னதிலேயே அடங்கியுள்ளது.

வழங்கல்களிற் பெருங்குடும்பங்கள் இரண்டினை அறிந்தாற் போதும். ஒன்று 1993இல் தோன்றிய டெபியன். 2004இல் வந்த உபுண்டு அதன் வழியது. மற்றொன்று ரெட் ஹாட். பெடோரா முதலியன அதனைச் சார்ந்தவை. கோப்புகளைக் கையாளுதல், உரிமை வகுத்தல், பயனரைச் சேர்த்தல் ஆகிய அடிப்படைக் கட்டளைகள் இரண்டிற்கும் பெரும்பாலும் பொது. பொதிகளை நிறுவ முன்னது ஆப்ட் என்னும் கருவியையும், பின்னது டிஎன்எஃப் என்னும் கருவியையும் கொள்ளும். காவலுக்கு ரெட் ஹாட் எஸ்இ லினக்ஸையும், டெபியனும் உபுண்டுவும் ஆப்ஆர்மரையும் இயல்பாகக் கொண்டுள்ளன.

இனித் தேர்வுகளைக் காண்போம். எல்பிஐசி-1 என்பது இரண்டு தாள்களை உடையது. தாள் ஒன்றுக்கு 90 நிமிடத்தில் 60 வினா. இஃது எந்த நிறுவனத்தையும் சாராமல் இருகுடும்பத்துப் பொதி முறைகளையும் வினவும். இதனை எழுதுவோர் டெபியனையேனும் உபுண்டுவையேனும் முதன்மையாகக் கொண்டு, ரெட் ஹாட் வழியதொன்றை மெய்நிகர் இயந்திரத்தில் அமைத்துப் பழகுதல் தகும்.

ஆர்எச்சிஎஸ்ஏ என்பது ரெட் ஹாட் நிறுவனத்தின் தேர்வு. இதில் விடையைத் தெரிந்து குறியிடுதல் இல்லை. கணிப்பொறியிற் செய்தே காட்டல் வேண்டும். மொத்தம் 300 மதிப்பெண். 210 பெற்றாலே வெற்றி. செய்த அமைப்பெல்லாம் பொறியை அணைத்து மீண்டும் இயக்கிய பின்னும் நிலைத்திருத்தல் வேண்டும். தேர்வறையில் இணையத் துணையும் இல்லை. பொறியிலுள்ள விளக்கப் பக்கங்களே துணை. உபுண்டுவில் மட்டும் ஓராண்டு பழகியவனும் இங்கே டிஎன்எஃப், எஸ்இ லினக்ஸ் ஆகியவற்றின் முன் திகைத்து நிற்பான்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. பழைய நூல்கள் பலவும் இத்தேர்வுக்குச் சென்ட்ஓஎஸ் லினக்ஸை நிறுவுக என்று கூறும். அதன் 8ஆம் பதிப்பு 2021 டிசம்பர் 31இலும், 7ஆம் பதிப்பு 2024 ஜூன் 30இலும் ஆதரவு முடிந்து ஒழிந்தன. அவ்விடத்தை நிரப்ப 2021இல் வெளிவந்தவை ராக்கி லினக்ஸும் ஆல்மாலினக்ஸும். இரண்டும் இலவசம். தனி மாணாக்கர்க்கு ரெட் ஹாட் நிறுவனமே தன் மூல வழங்கலையும் கட்டணமின்றித் தருகின்றது. தேர்வு எப்பதிப்பை ஒட்டியதோ அப்பதிப்பையே நிறுவுதல் முறை.

நம் இல்லங்கள் பலவற்றில், 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பொறிகள் இன்னும் உள்ளன. அவற்றில் இடம்பெற்ற பாஸ் லினக்ஸ் சென்னை சி-டாக் நிறுவனத்தார் ஆக்கியது, டெபியன் வழியது. தொடக்கப் பயிற்சிக்கு அது நன்று. ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வுக்கு அது மட்டும் போதாது. மேலும், ரெட் ஹாட் 10ஆம் பதிப்பு பழைய செயலிகளில் இயங்குவதில்லை. அத்தகைய பொறிகளுக்கு ஆல்மாலினக்ஸ் தனிப் பதிப்பொன்றை வெளியிட்டுள்ளது. புதுப்பொறி வாங்கக் கடன்படுமுன் இதனை நினைவிற் கொள்ளுங்கள்.

கற்கும் முறை பற்றி ஒரு சொல். நூலைப் படித்தலோடு அமையாது, நாடோறும் ஒரு மணி நேரமேனும் கட்டளைகளைக் கைப்படத் தட்டுக. மெய்நிகர் இயந்திரத்தை வேண்டுமென்றே பழுதாக்கித் தாமே சீர்செய்க. விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழுவொன்று இளைஞர்க்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகின்றது. 2012இல் தோன்றிய கணியம் இதழ்வழியே தமிழிலும் பாடங்கள் கிடைக்கின்றன. ஆங்கிலம் தடையென்று அஞ்சுவோர்க்கு இவை ஊன்றுகோலாகும்.

இளைஞர்களே! தேர்வை முதலில் துணியுங்கள். அதற்குரிய வழங்கல் ஒன்றைக் கொள்ளுங்கள். தேர்வு முடியுமட்டும் அதனை மாற்றாதீர்கள். பெற்றோர்களே! கட்டணம் கட்டுமுன், "எத்தேர்வு? அதற்கு எவ்வழங்கல்?" என்று பிள்ளையை வினவுங்கள். தெளிவாக விடை கூறுவானாயின் மனமுவந்து கொடுங்கள். தடுமாறுவானாயின் ஒரு திங்கள் பொறுத்துக் கொடுங்கள்.