புல்வெளியில் ஒரு வாழ்நாள் ஆய்வு

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



படிப்பு முடிந்தால் ஆசிரியர் வேலை, எழுத்தர் வேலை, காவல்துறை வேலை என்று எண்ணுகின்ற நம் பிள்ளைகளுக்கு, ஆராய்ச்சியும் ஒரு தொழிலே என்று எடுத்துச் சொல்வோர் மிகச் சிலர். அத்தொழில் எவ்வாறு நடக்கிறது, அதில் எத்தகைய உழைப்பும் எதிர்ப்பும் உண்டு என்பனவற்றை ஒரே ஒருவரின் பணியைக் கொண்டு இன்று காண்போம்.

அவர் பெயர் டேவிட் டில்மன். 1949 ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1976 இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அவருடைய துறை சூழலியல். அதாவது உயிர்கள் ஒன்றோடொன்றும், மண், நீர், காற்று ஆகியவற்றோடும் கொண்டுள்ள உறவை ஆராயும் அறிவியல்.

ஒரே இடத்தில் ஒரே சத்துக்காகப் போட்டியிடும் பல இனங்கள் எவ்வாறு ஒன்றையொன்று ஒழித்துவிடாமல் கூடி வாழ்கின்றன? இதுவே அவர் எடுத்துக்கொண்ட வினா. கண்ணுக்குப் புலப்படாத டயட்டம் என்னும் நுண்பாசிகளில் இருவகைகளைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துப் பார்த்தார். ஒன்று குறைந்த மணிச்சத்தைக் கொண்டே வாழ வல்லது. மற்றொன்று குறைந்த சிலிக்காவைக் கொண்டே வாழ வல்லது. ஒன்றுக்கு ஒரு சத்தும், மற்றொன்றுக்கு வேறொரு சத்தும் தட்டுப்படும்போது இரண்டும் சேர்ந்து வாழ்ந்தன. தேவைகள் வேறுபட்டால் உடன்வாழ இடமுண்டு என்பது குடுவையிலேயே புலனாயிற்று.

குடுவையில் கண்டது வெளி நிலத்தில் நிற்குமா? மின்னியாபொலிஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் சீடர் கிரீக் என்னும் ஆய்வு நிலம் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. மணற்பாங்கான, தழைச்சத்துக் குறைந்த மண். அங்கே 1982 இல் டில்மன் 207 பாத்திகளை அமைத்து, பாத்திக்குப் பாத்தி வெவ்வேறு அளவில் தழைச்சத்து இட்டார். உரம் மிகுந்த பாத்திகளில் சில இனங்கள் மட்டுமே தழைத்தோங்கின. பல இனங்கள் மறைந்து போயின.

அக்காலத்தில் அறிஞரிடையே ஒரு கருத்து வேறுபாடு நிலவிற்று. இனங்கள் குறைந்த இயற்கை அமைப்பு எளிதில் நிலைகுலையும் என்று இங்கிலாந்தின் சார்லஸ் எல்டன் 1958 இல் எழுதினார். ராபர்ட் மே என்பவரோ, இனங்கள் பெருகப் பெருக நிலைத்தன்மை குறையவும் கூடும் என்று 1972 இல் கணித வாயிலாகக் காட்டினார். எது சரி என்பதைச் சொல்ல நிலத்தில் எடுத்த அளவுகள் போதியனவாக இல்லை.

அந்நிலையில் 1988 இல் கொடிய வறட்சி வந்தது. பயிரைக் கொன்ற வறட்சி ஆய்வுக்கு ஒரு தேர்வாக அமைந்தது. இனங்கள் நிறைந்த பாத்திகளில் விளைச்சல் முன்னிருந்ததில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இனங்கள் மிகக் குறைந்த பாத்திகளிலோ எட்டில் ஒரு பங்கு அளவுக்கு வீழ்ந்தது. டில்மனும் ஜான் டௌனிங்கும் இதனை 1994 இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

உடனே மறுப்பு எழுந்தது. "உரம் இட்டதாலன்றோ அப்பாத்திகளில் இனங்கள் குறைந்தன? அப்படியானால் வறட்சியில் அவை வாடியதற்குக் காரணம் உரமா, இனக் குறைவா?" என்று வினவினர். நியாயமான கேள்வி! இவ்விடத்தில்தான், இளைஞர்களே, இம்மனிதரின் பெருமையை நாம் காண்கிறோம். அவர் சொற்போரோடு நின்றுவிடவில்லை. மண்ணையே மீண்டும் கேட்டார்.

1994 இல் புதிதாக 168 பாத்திகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர் நீளமும் ஒன்பது மீட்டர் அகலமும் கொண்டது. சில பாத்திகளில் ஒரே இனம். மற்றவற்றில் இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு இனங்கள். எந்தப் பாத்தியில் எந்தச் செடி என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவாயிற்று. ஆகவே விரும்பிய விடைக்கேற்பச் செடிகளைத் தேர்ந்தெடுத்தார் என்று எவரும் சொல்ல இயலாது.

விதைத்தால் மட்டும் போதுமா? விதைக்காத செடி ஒன்று நுழைந்தாலும் கணக்குக் கெடும். எனவே மாணவர் பலர் கோடைதோறும் மண்டியிட்டுக் கையால் களை பறித்தனர். களை எடுப்பது எளிய வேலை என்று எண்ணாதீர்கள். இரண்டிலைப் பருவத்திலேயே இது பயிர், இது களை என்று பிரித்தறியும் கண் அதற்கு வேண்டும். அந்தக் கண் நம் தாய்மார்களுக்கு உண்டு. உலகப் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று அத்தகைய கண்ணையும் கையையும் நம்பியே நடந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

மறுப்பாளர் இன்னொன்றும் சொன்னார்கள்: "பல இனங்களை இட்டால் அவற்றுள் வலிய இனம் ஒன்று தற்செயலாக அமைந்துவிடும், விளைச்சல் அதனால் வந்ததே." விடை 2001 இல் வெளிவந்தது. பதினாறு இனங்கள் கொண்ட பாத்திகளின் தாவர எடை, ஓரினப் பாத்திகளின் சராசரியைப் போல் 2.7 மடங்கு இருந்தது. அதுமட்டுமன்று, பல இனப் பாத்திகளுள் பல, ஓரினப் பாத்திகளுள் தலைசிறந்ததையும் விஞ்சின. வலிய இனம் ஒன்றே காரணமாயின் இது நிகழாது.

காரணம் என்ன? பயறு வகைச் செடிகள் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. சில புற்கள் குளிர்ந்த பருவத்தில் வளர்கின்றன. சில கோடை வெயிலில் வளர்கின்றன. வேர்களின் ஆழமும் வேறுபடுகிறது. ஒன்று விட்டதை மற்றொன்று பயன்படுத்துகிறது. 2006 இல் வெளியிட்ட பத்தாண்டுக் கணக்கோ எல்டன், மே இருவருக்கும் விடையாயிற்று. இனங்கள் மிகுந்த பாத்தியில் தனித்தனி இனங்களின் அளவு ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறைந்தது. எனினும் பாத்தியின் மொத்த விளைச்சல் நிலையாக நின்றது. ஒன்று தாழ்ந்த ஆண்டில் மற்றொன்று தாங்கிற்று.

இதற்கிடையே, ஐரோப்பாவில் எட்டு இடங்களில் வேறு ஆராய்ச்சியாளர்கள் செய்த சோதனையும் 1999 இல் ஒத்த முடிவைத் தந்திருந்தது. 2001 இல் மற்றொரு நல்ல செய்தி. டில்மனும், அவரைக் கடுமையாக மறுத்த மைக்கேல் ஹஸ்டனும், இன்னும் பத்துப் பேரும் சேர்ந்து, எது தெளிந்தது, எது இன்னும் தெளியவில்லை என்று 'சயன்ஸ்' இதழில் ஒரே கட்டுரையில் எழுதினர். எதிர்ப்பவரைப் பகைவராக எண்ணாமல் ஆய்வுக்குத் துணைவராகக் கொள்வது எத்துணை உயர்ந்த பண்பு! 2014 இல் டில்மனுக்குப் பால்சான் பரிசு வழங்கப்பட்டது.

இளைஞர்களே! இவை புல்வெளியில் கண்ட முடிவுகள். எல்லா வயலுக்கும் அப்படியே பொருந்தும் என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. ஆயினும் ஆய்வு செய்யும் முறை எங்கும் ஒன்றே. நல்ல வினாவை எழுப்புக. விடையை அளந்து காண்க. மறுப்பு வந்தால் சினவாமல், அதில் உண்மை உண்டா என்று நிலத்தையே கேட்டுப் பார்க்க.

இத்தொழில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது அன்று. முதுநிலை அறிவியல் பட்டம் பெற்றுத் தேசியத் தேர்வில் தேர்ச்சி பெறுவோர் உதவித்தொகையுடன் ஆராய்ச்சி செய்யலாம். நம் வீட்டுப் பெண்டிரும் ஆடவரும் தலைமுறை தலைமுறையாக மண்ணை அறிந்தவர்கள். ஆனால் அவர்கள் அறிந்தது ஏட்டில் ஏறவில்லை. அதனை ஏட்டில் ஏற்றும் கடமை, எழுத்தறிவு பெற்றுவிட்ட உங்களுடையது. ஊர்ப் புறம்போக்கில் முளைக்கும் பூண்டுகளின் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். எந்த மாதத்தில் எது முளைக்கிறது, எது காய்க்கிறது, எது வறட்சியைத் தாங்குகிறது என்று ஆண்டுதோறும் குறித்து வாருங்கள். அதற்குப் பொறுமையும் ஒரு பென்சிலும் போதும்.

வாழ்க கல்வி! வளர்க நம் கழகம்!