காரியாலய ஊழியரும் இடையறாப் பயிற்சியும்
(நமது சங்கத்தின் வருடாந்த மகாசபையில் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கம் என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவன தலைவரும், காரியதரிசியும், மேடையும், மாலையுமேயாம். ஆயினும் வருஷம் முழுவதும் சங்கத்தை நடத்துவோர், கணக்கெழுதும் குமாஸ்தாவும், மாணவர் விடுதிக் கண்காணிப்பாளரும், சமையற்காரருமே யாவர். அவர்தம் பயிற்சியைக் குறித்தே இன்று சில வார்த்தை கூற விழைகின்றோம்.

முதலில் நமது குற்றம் ஒன்றை மறையாது ஒப்புக்கொள்வோம். சகல வகுப்புப் பிள்ளைகட்கும் உதவுமாறு நாம் தனியே நிறுவிய கல்வித் தர்ம நிதிக்குச் சில வருஷங்களுக்கு முன் அன்பர் ஒருவர் 5,000 ரூபாய் ரொக்கமாக அளித்தார். வருமான வரியில் இதற்குச் சலுகை உண்டோவென அவர் வினவ, நமது குமாஸ்தா உண்டென்று கூறி ரசீது தந்தார். பின்னர்ச் சலுகை மறுக்கப்பட்டது. ரொக்க நன்கொடைக்கு 10,000 ரூபாயாக இருந்த வரம்பு 2017-ஆம் வருஷத்தில் 2,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டதைக் குமாஸ்தா அறியார். அன்பர் மனம் நொந்து, மறுவருஷம் தருவதாகச் சொன்ன தொகையை நிறுத்திவிட்டார். அதனை நம்பியிருந்த ஏழை மாணவி ஒருத்தியின் கல்லூரிச் சம்பளத்திற்கு நாம் வீடு வீடாகச் சென்று கேட்க நேர்ந்தது.

நிர்வாக சபையில் அனைவரும் குமாஸ்தாவைக் கடிந்தோம். அவரோ, "ஐயா, முன்பு சொல்லித் தந்தபடியே செய்து வருகின்றேன், மாறியதை எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார். கடிந்த நம் நா அடங்கிற்று. கல்லாத குற்றம் அவருடையதன்று. கற்பிக்காத குற்றம் நம்முடையதே.

சட்டமும் தொழில்முறையும் நமக்காகக் காத்திருப்பனவல்ல. 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நடக்கும் சங்கங்கள் ஆண்டுதோறும் கணக்கைப் பதிவாளரிடம் சமர்ப்பித்தல் வேண்டும். வரிச்சலுகைக்கு அங்கீகாரம் பெற்ற தர்ம நிதிகள், 2021-22 முதல், நன்கொடையாளர் விவரங்களை வரி இலாகாவுக்குக் கணினி வழியே அனுப்பும் கடமையையும் ஏற்றன. 2023-இல் தனிநபர் தகவற் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நமது வரன் பதிவேட்டில் எத்தனை பெண்மக்களின் பிறந்த தேதியும், விலாசமும், தொலைபேசி எண்ணும் உள! கேட்டவர்க்கெல்லாம் அவற்றை எடுத்துக் கொடுத்தால் விளையும் தீங்கு நம் வீட்டுப் பெண்களையன்றோ சாரும்?

விடுதியிலும் அவ்வாறே. எரிவாயு கசிந்தால் முதற்கண் செய்வது யாது, தீயணைப்புக் கருவியை இயக்குவது எங்ஙனம் என்பன ஒருமுறை கேட்டு மறக்கத்தக்கவை அல்ல. பழகிய கையே ஆபத்தில் உதவும்.

"கற்பித்தால், அதிகச் சம்பளம் தேடி வேறிடம் போய்விடுவரே" என்பர் சிலர். போகலாம், ஆயின் கல்லாதவர் நம்மிடமே நிலைத்திருத்தல் அதனினும் பெருநஷ்டம் அன்றோ? "வயது முதிர்ந்தவர் இனி என்ன கற்பர்?" என்பர் வேறு சிலர். கைப்பேசியில் பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசக் கற்ற நம் பெரியோர், பொறுமையுடன் கற்பிப்பாரிருப்பின் இதனையும் கற்பர்.

ஆதலின் இம்மகாசபை பின்வருவனவற்றை ஏற்குமாறு வேண்டுகின்றோம். மாதத்தில் ஒரு நாளைப் பயிற்சிக்கென ஒதுக்கி, அந்நாளைச் சம்பளத்தோடு கூடிய வேலைநாளாகவே கொள்ளல் வேண்டும். மூன்று மாதத்திற்கொருமுறை நமது கணக்குப் பரிசோதகர் வந்து, மாறிய விதிகளை எளிய தமிழில் விளக்குதல் வேண்டும். ஒவ்வொரு வேலையையும் இருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். ஊழியர் கற்றதைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பின், பின்வருவோர்க்கும் அது கைவிளக்காகும். காரியதரிசியும் பொக்கிஷதாரரும் அவர்களுடன் அமர்ந்து கற்றல் வேண்டும். அதற்கு நாணுதல் வேண்டா.

இதற்காகும் செலவு, ஆண்டுவிழாப் பந்தல் அலங்காரத்தில் ஒரு பகுதியைக் குறைத்தாலே கிட்டும். பந்தல் மறுநாள் பிரிக்கப்படும். ஊழியர் பெற்ற அறிவோ நம் பிள்ளைகளின் நிதியை நெடுநாள் காத்து நிற்கும்.

அன்று தலைகுனிந்த அக்குமாஸ்தா இச்சபையின் பின்வரிசையில் இன்று அமர்ந்திருக்கின்றார். அவர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடனை இத்தீர்மானத்தால் தீர்ப்போமாக.