குற்றக் கணக்கும் குப்பத்து ஜனங்களும்

(பழவேற்காட்டு மீனவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

“குற்றம் மலிந்த குப்பம்” என்று ஊருக்குப் பட்டம் கட்டுகிறார்கள். எந்தக் கணக்கில் என்று நாம் கேட்கவேண்டாமா?

கணக்கு எளியது. ஓராண்டில் பதிவான வழக்குகளை ஜனத்தொகையால் வகுத்து லட்சத்தால் பெருக்கினால், அதுவே குற்ற விகிதம். 2 லட்சம் பேர் வாழும் நகரத்தில் 40 வழக்கு என்றால் விகிதம் 20. 2,000 பேர் வாழும் குப்பத்தில் பாடு முறைத் தகராறில் 2 வழக்கு என்றாலே விகிதம் 100! மறு வருஷம் 4 வழக்கானால், “குற்றம் இரட்டிப்பு” என்பார்கள். கூடியது இரண்டே வழக்கு. ஆகவே, சிற்றூரை ஓராண்டுக் கணக்கால் எடைபோடக்கூடாது.

எல்லையையும் பாருங்கள். 1997ல் செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்து திருவள்ளூர் மாவட்டம் உண்டாயிற்று. பழைய மாவட்டத்தின் வழக்குகளையும் புதியதின் வழக்குகளையும் பக்கத்தில் வைத்தால் குற்றம் குறைந்ததுபோல் தோன்றும். குறைந்தது நிலமும் ஜனமும்தான்! வகுக்கும் ஜனத்தொகையோ வெறும் மதிப்பீடு. 2021ல் எடுக்கவேண்டிய கணக்கெடுப்பை எடுக்கவில்லையே.

போலீஸ் எழுதியதுதான் கணக்கில் ஏறும். ஏழையின் புகாரைத் துரத்திவிட்டால் விகிதம் இறங்கும், எழுதிக்கொண்டால் ஏறும். கைதுக்குரிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் பதிவு செய்தே தீரவேண்டும் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பழவேற்காடு ஏரியிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாதென்று 1996ல் அதே நீதிமன்றம் சொன்னது. ஏரியைக் கெடுப்பவன் எந்தக் குற்றப் பட்டியலில் முதலிடம் பெறுகிறான்?

தோழர்களே! புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். ஊர்தோறும் நமக்கென ஒரு கணக்குப் புத்தகம் வையுங்கள். அவர்கள் கணக்கை நம் கணக்கால் எதிர்கொள்வோம்!