சொன்னால் வீடு பேசும்



பாட்டி வீட்டு ஆட்டுக்கல் பேரப்பிள்ளைக்கு வெறும் கல்தான். "இதில்தான் மாவு அரைத்தேன்" என்று பாட்டி சொன்னால், அந்தக் கல்லும் பேசும்.

வீடும் அப்படித்தான். ராமேஸ்வரம் மசூதித் தெருவில் அப்துல் கலாம் வளர்ந்த வீடு இருக்கிறது. மாடியில் அருங்காட்சியகம். ஆவடி டாங்கி ஆய்வகமும் அடங்கிய பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். 2002-இல் குடியரசுத் தலைவரானார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஓடும் ரயிலிலிருந்து வீசிய செய்தித்தாள் கட்டுகளை எடுத்து வீடு வீடாகப் போட்ட சிறுவனும் அவர்தான்.

அங்கே போனால், படம் எடுத்துக்கொண்டு மட்டும் திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பொருளின் முன்னும் நில்லுங்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள்.

சொல்ல ஆள் இருந்தால், வீடு பேசும்.