சொன்னதும் சொல்லாததும்: ஆங்கிலத் தகுதித் தேர்வின் கருத்துணர் பகுதியும் நம் மாணவரும்



தமிழ் பேச ஒன்றுகூடிய அவையில் ஆங்கிலத் தேர்வுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அழைப்பிதழைக் கண்ட நண்பரொருவர் எங்களிடம் நேரிலேயே கேட்டும் விட்டார். செலாயாங்கில் சனிக்கிழமைதோறும் இடைநிலைப்பள்ளி மாணவருக்கும் ஆறாம் படிவ மாணவருக்கும் வாசிப்பு வகுப்பு நடத்தி வருகிறோம். அங்கே ஒன்றைக் கண்டோம். ஆங்கிலக் கருத்துணர் பகுதியில் நம் பிள்ளைகள் இழக்கும் மதிப்பெண்களிற் பெரும்பகுதி ஆங்கிலச் சொல் தெரியாமையால் இழப்பதன்று. வாசிக்கும் முறையால் இழப்பது. அந்த முறையைத் தாய்மொழியில் கற்பிக்க நம்மிடம் கருவிகள் உண்டு. அவற்றை நாமே எடுத்துப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம். இந்த அவைக்கு வந்ததற்குக் காரணம் அதுதான்.

எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு மாணவியை முதலில் நினைவுகூர விரும்புகிறோம். தந்தையார் செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி மூட்டை இறக்குபவர். விடியலுக்கு முன்பே வேலைக்குப் போய்விடுவார். மகள் எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர். மாணவர் வழக்கில் 'மூயெட்' எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வில் மட்டும் அவர் விரும்பிய துறைக்கு வேண்டிய நிலையை எட்டவில்லை. பேச்சிலும் எழுத்திலும் குறையில்லை. வாசிப்புத் தாளே அவரைக் கீழே இழுத்தது. வீட்டில் ஆங்கில நாளிதழ் வாங்கிப் படிப்பவர் அவர். பின் ஏன் இப்படி?

விடை தேடி அவருக்கும் அவருடைய தோழர்களுக்குமாக ஒரு சிறு பயிற்சி வைத்தோம். பத்தியை நாங்களே ஆங்கிலத்தில் எழுதினோம். பொருள், எல்லாருக்கும் தெரிந்த பத்துமலை. சுண்ணாம்புக் குன்று, 272 படிகள், 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, 2018-இல் படிகளுக்குப் பல வண்ணம் தீட்டப்பட்டது ஆகிய செய்திகள் மட்டுமே அதில் இருந்தன. அதன்கீழ் இரண்டு கூற்றுகள். ஒவ்வொன்றும் சரியா, தவறா, பத்தியில் சொல்லப்படவில்லையா என்று குறிக்க வேண்டும். முதற்கூற்று: வண்ணம் தீட்டிய பின் வருகையாளர் தொகை பெருகியது. இரண்டாங்கூற்று: படிகளுக்கு வண்ணம் தீட்டும்போது சிலை அங்கே இருந்தது.

முதற்கூற்றுக்கு வகுப்பில் ஏறத்தாழ அனைவரும் 'சரி' என்றே எழுதினர். ஏனென்றால் அவர்கள் பத்துமலைக்குப் பக்கத்துப் பிள்ளைகள்; படிகளில் நின்று படமெடுப்போர் கூட்டத்தைக் கண்ணால் கண்டவர்கள். ஆனால் பத்தியில் வருகையாளரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'சொல்லப்படவில்லை' என்பதே விடை. இரண்டாங்கூற்றிலோ நேர்மாறாக நடந்தது. 'அப்படி ஒரு வாக்கியம் பத்தியில் இல்லையே' என்று சொல்லிப் பலர் 'சொல்லப்படவில்லை' என்று குறித்தனர். 2006-ஐயும் 2018-ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை 'சரி' என்பது வெளிப்படை. சொல்லாததைச் சொன்னதாகக் கொண்டார்கள். குறிப்பாற் சொன்னதைச் சொல்லவில்லை என்றார்கள். ஒரே பத்தி, ஒரே கால் மணி நேரம், இரண்டு எதிரெதிர்ப் பிழைகள். அந்த மாணவியும் இரண்டிலும் தவறினார்.

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் இவ்வகை மூவிடை வினா இன்றும் உண்டு. அங்கே 60 நிமிடத்தில் 40 வினாக்கள். மூயெட் தேர்வில் வேறு உருவில் இதே பொறி வருகிறது: 'இப்பத்தியிலிருந்து எதை உய்த்துணரலாம்?' என்பார்கள். நான்கு விடைகளில் ஒன்று உலகறிந்த உண்மையாக இருக்கும். ஆனால் அது பத்தியில் இராது. அதைத்தான் படித்த பிள்ளை முதலில் தேர்ந்தெடுக்கிறது. உலகறிவு மிகுந்த மாணவரே அதிகம் வழுக்குவது எங்களுக்கு முதலில் வியப்பாக இருந்தது, இப்போது இல்லை.

'உய்த்துணர்' என்ற சொல்லைச் சும்மா பயன்படுத்தவில்லை. நூலுக்குரிய உத்திகள் முப்பத்திரண்டு என நன்னூலில் பவணந்தியார் வகுத்தார். அவற்றுள் இறுதியாக அவர் வைத்தது 'உய்த்துணர வைப்பு'. எழுதுவோன் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லாமல், சொன்னவற்றைக் கொண்டு வாசிப்போன் கண்டுகொள்ளும்படி வைக்கும் உத்தி அது. நூற்பாவைப் பாடம் சொல்லும்போது பெயரை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அதே கருத்தை ஆங்கில வகுப்பில் வேறு பெயரில் புதிதாகக் கேட்கும் பிள்ளை, அது தனக்கு முன்பே சொல்லித் தரப்பட்டது என்பதை அறிவதில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்தும் இந்தச் செய்தி ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போகவில்லை.

இனி, தேர்வின் அமைப்பு. மலேசியத் தேர்வு மன்றம் மூயெட் தேர்வை 1999-இல் தொடங்கியது. பழைய முறையில் வாசிப்புத் தாளுக்கு 90 நிமிடம், 45 வினாக்கள். மொத்த 300 மதிப்பெண்ணில் 120 அதற்கே. 2021 முதல் ஐரோப்பிய மொழித்தர அளவையோடு இணைந்த புதிய முறை வந்தது. நான்கு திறன்களுக்கும் சமமாக 90 மதிப்பெண். வாசிப்புக்கு 75 நிமிடம், 40 வினாக்கள், ஏழு பகுதிகள். வாசிப்பின் பங்கு நாற்பது விழுக்காட்டிலிருந்து இருபத்தைந்தாகக் குறைந்ததால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்போர் உண்டு. நாங்கள் அப்படி எண்ணவில்லை. ஒரு வினாவுக்குச் சராசரியாக இரண்டு நிமிடமும் முழுமையாக இல்லை. முதல் மூன்று பகுதிகளின் 14 வினாக்களும் சற்று எளியவை. கடைசி மூன்று பகுதிகளில் 20 வினாக்கள் உள்ளன, பத்திகளும் கடினமானவை. எளிய வினாக்களில் நெடுநேரம் நிற்பவர் கடைசிப் பகுதிக்கு வரும்போது பத்தியைப் படிக்காமலே விடையைக் கருமையாக்குகிறார். 25 நிமிடம் கழிவதற்குள் நான்காம் பகுதியைத் தொட்டுவிடுங்கள் என்பதே நேரத்தைப் பற்றி நாங்கள் சொல்லும் ஒரே அறிவுரை.

'முதலில் வினாவைப் படி, பிறகு பத்தியில் அந்தச் சொல்லைத் தேடு' என்பது துணைப்பாட நிலையங்களில் ஓதப்படும் மந்திரம். பெயர், ஆண்டு, எண் கேட்கும் வினாவுக்கு அது உதவும். கருத்தைக் கேட்கும் வினாவில் அது பிள்ளையைக் குழியில் தள்ளும். வினா அமைப்போர் தவறான விடையில்தான் பத்தியின் சொற்களை அப்படியே வைப்பர். சரியான விடையை வேறு சொற்களில் சொல்வர். சொல்லைத் தேடிப் போனவர் சொல்லைக் கண்டதும் மகிழ்ந்து அதையே குறித்துவிடுகிறார்.

நம் பங்குக்கு நாமும் இதை வளர்த்திருக்கிறோம். தமிழ்க் கருத்துணர்தல் பாடத்தில் பத்தியின் வரியை அப்படியே பெயர்த்தெழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் தருகிறோம். 'உன் சொல்லில் சொல்' என்று கேட்பது அரிது. ஏழு வயதில் தொடங்கிய அந்தப் பழக்கம் பத்தொன்பது வயதில் வேறொரு மொழியின் தேர்வு மண்டபத்தில் வந்து நிற்கிறது.

அடுத்து வாக்கிய அமைப்பு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். பயிற்சி நூல்கள் இதைத் தொடுவதில்லை. தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்கும். அடைமொழிகள் யாவும் பெயருக்கு முன்னே வரும். 'பொறியாளர்கள் ஏற்றிருந்த திட்டத்தைக் குழு நிராகரித்தது' என்கிறோம். ஆங்கிலம் இதையே 'குழு நிராகரித்தது' என்று தொடங்கி, 'திட்டத்தை' என்று சொல்லி, அதன் பிறகே 'பொறியாளர்கள் ஏற்றிருந்த' என்பதை வால் போலத் தொங்கவிடும். வாக்கியத்தின் கடைசி வினையில்தான் முடிவு இருக்கும் என்று காதால் பழகிய தமிழ்ப் பிள்ளை, 'திட்டம் ஏற்கப்பட்டது' என்ற எண்ணத்தோடு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. அச்சொற்களில் ஒன்றுகூட அப்பிள்ளைக்குத் தெரியாததன்று.

இங்கே நம் நாட்டுப் பிள்ளைக்கு வேறிடத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு இல்லாத ஓர் ஏணி உண்டு. அது மலாய்மொழி. 'நான் படித்த புத்தகம்' என்பதை மலாயில் 'பூக்கு யாங் சாயா பாச்சா' என்போம். புத்தகம் முன்னே, 'யாங்' நடுவே, படித்த செய்தி பின்னே. ஆங்கிலமும் இதே வரிசைதான். ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்', 'தட்' வருமிடங்களில் எல்லாம் பென்சிலால் மேலே 'யாங்' என்று எழுதச் சொன்னோம். இரண்டு வாரத்தில் நீண்ட வாக்கியங்கள் பிடிபடத் தொடங்கின. மூன்று மொழி சுமை என்று பெற்றோர் வருந்துவதைக் கேட்டிருக்கிறோம். இந்த ஓரிடத்திலேனும் மூன்றாவது மொழி சுமையைத் தூக்க வந்த கை.

சிறு சொற்களில் உள்ள பெரிய வேறுபாட்டையும் தமிழிலக்கணத்தால் விளக்கலாம். 'எ ஃபியூ' என்றால் சிலர். 'எ' இல்லாமல் 'ஃபியூ' என்றால் சிலரே. இந்த ஏகாரம் செய்யும் வேலையை நம் பிள்ளைகள் அறிவார்கள், எடுத்துக்காட்டியதும் பிடித்துக்கொண்டார்கள். 'எல்லாரும் வரவில்லை' என்ற தமிழ்த் தொடரோ இரு பொருள் தரும். ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம். வந்தவர் சிலர், வராதவர் சிலர் என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'நாட் ஆல்' என்று தொடங்கினால் இரண்டாவது பொருள் மட்டுமே. இந்த ஒரு சொற்றொடரில் எங்கள் வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. அன்று பாடம் முடிய மணி ஒன்றரை ஆயிற்று. 'அன்லெஸ்' என்பதற்கு 'பெய்தாலொழிய' என்ற வாய்பாட்டையும், 'ஹார்ட்லி' என்பதற்குக் 'கடினமாக' அன்று, 'அரிதாகவே' என்பதையும் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம்.

யாப்பில் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறைகளை எட்டுப் பொருள்கோளாக நன்னூல் பிரிக்கும். அவற்றுள் நிரனிறை என்பதை ஆங்கிலத் தாளிலும் காணலாம். இரண்டு ஊர்களைச் சொல்லி, இரண்டு எண்களைச் சொல்லி, இறுதியில் 'ரெஸ்பெக்டிவ்லி' என்று முடிப்பார்கள். முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது. நிரனிறை என்று ஒருமுறை பெயரிட்டுச் சொன்ன பிறகு அந்தச் சொல்லில் எவரும் தடுக்கி விழவில்லை. நான்காம் பகுதியில் பத்தியிலிருந்து ஆறு வாக்கியங்களை நீக்கிவிட்டு, ஏழு வாக்கியங்கள் தந்து உரிய இடத்தில் பொருத்தச் சொல்வார்கள், ஒன்று மிஞ்சும். அங்கே சுட்டுச் சொற்களே வழிகாட்டி. 'இது', 'இத்தகைய', 'அவர்கள்' என்று தொடங்கும் வாக்கியம் எதைச் சுட்டுகிறதோ, அது அதற்கு முந்திய வரியில் இருந்தாக வேண்டும். சுட்டுப் பொருள் கிடைக்காத இடத்தில் வாக்கியம் எவ்வளவு அழகாகப் பொருந்துவது போல் தோன்றினாலும் அது அந்த இடத்துக்குரியதன்று.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்துக்குப் பத்துத் தாள் செய்ய வைப்பதை விட்டு ஒரே பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விடைக்கும் சான்றாகும் வரியை மாணவர் அடிக்கோடிட வேண்டும். மற்ற விடைகள் ஏன் ஆகா என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும். எந்த மொழியில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் பலர் தமிழில் எழுதினர். 'பத்தியில் இல்லை, எனக்குத் தெரிந்தது' என்று ஒரு மாணவர் தம் தவறான விடைக்குப் பக்கத்தில் தாமே எழுதியிருந்தார். அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறோம். இம்முறையில் மணிக்கு எட்டு வினாக்கள்தாம் முடியும். தேர்வு நெருங்கும்போது பெற்றோர் பொறுமை இழப்பர். எங்களிடமும் இருவர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே இதைப் படிவம் நான்கிலேயே தொடங்குவது நல்லது. எஸ்.பி.எம். ஆங்கிலத்தின் முதல் தாளிலும் 40 வினாக்கள். அங்கும் நீக்கிய வாக்கியத்தைப் பொருத்தும் பகுதி உண்டு.

மாணவச் செல்வங்களே, தெரியாத சொல் ஒன்று வந்தால் அங்கே நின்றுவிடாதீர்கள். அது நல்லதைக் குறிக்கிறதா, கெட்டதைக் குறிக்கிறதா என்று மட்டும் சுற்றியுள்ள சொற்களைக் கொண்டு முடிவு செய்துவிட்டு நகருங்கள். பெரும்பாலான வினாக்களுக்கு அவ்வளவே போதும்.

முதலில் சொன்ன மாணவி மறுமுறை தேர்வெழுதினார். வாசிப்புத் தாளில் மதிப்பெண் உயர்ந்தது. ஆயினும் அவர் முதலில் விரும்பிய துறையில் அவ்வாண்டு இடம் கிடைக்கவில்லை. வேறொரு துறையில் சேர்ந்து படிக்கிறார். விடுமுறைச் சனிக்கிழமைகளில் எங்கள் வகுப்புக்கு வந்து இளையவர்களுக்கு 'யாங்' எழுதக் கற்றுத் தருகிறார்.

பத்துமலைப் பத்தியை நுழைவாயிலில் உங்கள் கையில் கொடுத்திருக்கிறோம். மேலே சொன்ன இரண்டோடு மேலும் ஆறு கூற்றுகள் அதில் உள்ளன. ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்தே செய்யலாம். பதினைந்து நிமிடம் தருகிறோம். விடைக்குச் சான்றான வரியை அடிக்கோடிட மறவாதீர்கள். அதன்பின் உங்கள் வினாக்களைக் கேட்கக் காத்திருக்கிறோம்.