திடலில் சிந்தும் இரத்தம்

(சுற்றுவட்டாரப் பள்ளிகளின் விளையாட்டு ஆசிரியர்களும் சபை வாலிபர்களும் நமது மருத்துவமனைச் சிற்றாலயத்தில் கூடியிருந்தபோது அளித்த உரை)



கபடி ஆடி முழங்கால் சிராயாமல் வீடு திரும்பிய வாலிபன் உண்டோ? உதடு கிழிகிறது, புருவம் பிளக்கிறது. பழைய துண்டு ஒன்றால் ஒத்தி எடுக்கிறோம். அதே துண்டு அடுத்தவன் முகத்துக்கும் போகிறது. அந்தத் துண்டைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

சுவீடன் தேசத்தில் வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடும் பந்தயம் ஒன்று உண்டு. 1957 முதல் 1963 வரை அவ்வீரர்களில் 500-க்கும் மேற்பட்டோருக்குக் கல்லீரல் அழற்சி கண்டது. இத்தனைக்கும் அதில் ஒருவரையொருவர் தொடுவதுகூட இல்லை! முள்ளும் கிளையும் கால்களைக் கீறின. ஓடி முடித்த பலர் ஒரே தேக்க நீரில் கழுவினார்கள். அவ்வழியே பரவியிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். உடலை மூடும் உடை கட்டாயமாயிற்று, நோயும் அடங்கிற்று.

கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி கிருமி, காய்ந்த இரத்தத்திலும் 7 நாள் உயிரோடிருக்கும். எச்.ஐ.வி.யை விட மிக எளிதாகத் தொற்றும். ஆனால் ஜனங்கள் நடுங்குவதோ மற்றதைக் கண்டு. திடலில் எச்.ஐ.வி. தொற்றியதாக ஐயமின்றி நிறுவப்பட்ட நிகழ்வு ஒன்றும் இல்லை. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் கிரெக் லுகானிஸ் பலகையில் தலை மோதிக் குளத்தில் விழுந்தார். அவருக்கு அப்போதே எச்.ஐ.வி. இருந்தது, வெளியே சொன்னது 1995-இல். கையுறையின்றித் தையல் போட்ட மருத்துவருக்கும் தொற்றவில்லை. கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் 1991-இல் தமக்குத் தொற்று உண்டென்று அறிவித்தார். 1992-இல் பார்சிலோனாவில் தங்கம் வென்றார். அதே ஆண்டு, உடன் ஆடுவோர் சிலரின் அச்சத்தால் மீண்டும் ஒதுங்கினார். 1996-இல் திரும்பவும் வந்து ஆடினார்.

நம்மிடம் வரும் வாலிபர் ஒருவர் இருக்கிறார். ஊரைச் சொல்லமாட்டோம். தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர். பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டது. யாரோ ஒருவர் இரகசியத்தை வெளிவிட, குழு அவரை நீக்கியது. “ஐயா, கோடு பார்க்கவாவது என்னைச் சேர்த்துக்குவாங்களா?” என்று கேட்டார். சம்மதமின்றி ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதைச் சொன்னோம். அவருக்கு வேண்டியிருந்தது சட்டமல்ல.

யாருக்கு என்ன நோய் என்று துருவ வேண்டிய அவசியமே இல்லை, ஆசிரியர்களே. எல்லார் இரத்தத்தையும் ஒரே விதமாய்க் கையாளுங்கள். இரத்தம் வருகிறவர் வெளியே வரட்டும். காயம் நின்று, கட்டுப் போட்டபின் ஆடட்டும். கட்டுகிறவர் கையுறை அணியட்டும். (நல்ல சமாரியனிடம் கையுறை இல்லை, எண்ணெயும் திராட்சரசமும் இருந்தன. கையுறை இல்லையென்று நாமும் விலகிப்போகலாகாது. நெகிழிப்பையாவது கையில் மாட்டிக்கொள்ளலாம்.) தரையில் சிந்தியதை பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள். பிறர் இரத்தம் உங்கள் காயத்தில் பட்டால் பிதுக்காமல் சோப்பும் நீரும் விட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும்.

திடலைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. உடம்பை ஏற்றுவதற்கென்று சில வாலிபர்கள் ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். சவர பிளேடும் அப்படியே. வாலிபர்களே, இதை எங்களிடம் ஒளிக்கவேண்டாம், திட்டமாட்டோம்.

நண்பர்கள் அனுப்பிய காணிக்கையால் பள்ளிக்கு ஒன்றாக முதலுதவிப் பெட்டி ஆயத்தமாயிருக்கிறது. ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியும் இன்றே தொடங்குகிறது. இன்று ஒன்று, 1 மாதத்தில் ஒன்று, 6-ஆம் மாதத்தில் ஒன்று. முதல் ஊசிக்குக் கூட்டம் வரும். மூன்றாவதற்குத்தான் ஆள் வருவதில்லை. அட்டையில் தேதி எழுதித் தருகிறோம். மூன்றாவது முறைக்குப் பேருந்துக் கட்டணத்தையும் மருத்துவமனையே தரும்.